பத்து தௌ

லேத் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் தௌ. அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 3 தௌ இருக்கும். ஓர் இன்ஜின் லட்சம் மைல் ஓடுமா, நூறாவது மைலில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுமா என்பது இந்த முடியளவுக் கணக்கில்தான் இருக்கிறது. இன்ஜின் கட்டுவது என்றால் நட்டும் போல்ட்டும் இறுக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இறுக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்வதெல்லாம் இடைவெளி விடுகிற வேலை.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கணுக்கால் செலவானது. கவென்ட்ரியில் அக்டோபர் மாதம் கூரைவிளிம்புத் தகரக் கால்வாயில் இலைச்சருகு அடைத்துக்கொள்ளும். அள்ளிப்போட ஏணியில் ஏறியவன், இறங்கும்போது இரண்டு படியை ஒரு படியாக நினைத்துவிட்டேன். இடது கணுக்காலில் தகடு வைத்து வரிசையாகத் திருகு முடுக்கினார்கள். ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது. அப்போது ஷெட்டில், ஸ்டாண்டில் மாட்டிய நிலையில், பாதி பிரித்த இன்ஜின் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரின் இன்ஜின். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபோது, டாக்டர் செய்திருப்பதும் பட்டறை வேலைதான் என்று தோன்றியது: துளை போட்டு, அளவு பார்த்து, திருகு முடுக்கி, சதையை மூடியிருக்கிறார்.

ஸ்பிட்ஃபயர் இதே ஊர்க்காரி. 1962 முதல் 1980 வரை இங்கிருந்த கேன்லி ஆலையில் மூன்று லட்சத்துக்கும் மேல் பிறந்தாள். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோத்தி. பணமில்லாமல் திட்டம் நின்றுபோய், செய்து வைத்த மாதிரி வண்டி ஆலையின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்ட் நிறுவனம் ஆலையை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அந்தத் துணியை விலக்கினார்கள். வண்டிக்கு உயிர் வந்தது. 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடமும் பிடித்தது.

ஆனால் என்னை மயக்கியது உடம்பல்ல, உள்ளே இருந்த நாலு சிலிண்டர். அதன் வம்சாவளியே தனிக் கதை. 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற எளிய குடும்பக் காருக்காக 803 சிசியில் பிறந்த இன்ஜின் அது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தை மாற்றாமலே சிலிண்டரின் துவாரத்தை மட்டும் 58, 63, 69.3, 73.7 என்று அகட்டிக்கொண்டே போனார்கள். 803 சிசி 948 ஆனது, 1147 ஆனது, என்னுடைய 1296 ஆனது. அதற்கு மேல் அகட்டச் சுவரில் இடமில்லை என்றானதும், தூரத்தை 87.5 ஆக நீட்டி 1493 ஆக்கினார்கள். கொள்ளளவு ஏறக்குறைய இரட்டித்தும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்று மட்டுமே. 1493இல் பலம் அதிகம்தான். ஆனால் 1296 விரட்ட விரட்டச் சிரித்துக்கொண்டு ஏறும். அகலமும் உயரமும் ஏறக்குறைய சமமாக இருக்கிற சிலிண்டருக்கு வாய்க்கும் சுபாவம் அது.

இந்த வம்சத்தின் 948 சிசி பிள்ளை சென்னையில் வளர்ந்தது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஆலையிலிருந்து 1960களில் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. அப்பா ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். திறந்தால் இன்ஜின் இரண்டு பக்கமும் வெட்டவெளி. மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் அமர்ந்து முறுக்குச் சுற்றுகிறவர் மாதிரி வேலை செய்வார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் கைவசம் இல்லாத நாளில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து பாயிண்ட் இடுக்கில் விட்டுப் பார்ப்பார். “இழுத்தா வரணும், விட்டா நிக்கணும். அவ்ளோதான் தம்பி” என்பார். ஸ்பிட்ஃபயரும் அதே மாதிரித் திறக்கிற வண்டி. ஒற்றைக் காலோடு இருந்தவனுக்கு உலகத்தில் இதைவிட வசதியான ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது.

முதல் இரண்டு வாரம் காலைத் தலையணை மேல் உயர்த்திக் கிடந்தேன். மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேசைக்கு அனுமதி கிடைத்தது. “ஏங்க, கீழே பேப்பர் விரிச்சுக்கிட்டுப் பண்ணுங்க” என்பது மட்டும்தான் மனைவியின் நிபந்தனை. எட்டு வால்வுகளையும் அட்டையில் எண் போட்டுக் குத்தி வைத்தேன். எந்த வால்வு எந்த இருக்கையில் உட்கார்ந்ததோ அதில்தான் உட்கார வேண்டும். விளிம்பில் சாணைப்பசையைத் தடவி, ரப்பர் உறிஞ்சி வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்ட வேண்டும். மோர் கடையும் அதே கை. முதலில் சரசரவென்று மணல் அரைபடுகிற சத்தம் வரும். அது மெல்ல மெல்ல மழுங்கிப் பட்டுத்துணி உரசுவது போலாகும்போது பசையைத் துடைத்துப் பார்த்தால், வால்விலும் இருக்கையிலும் சாம்பல் நிறத்தில் முறியாத வளையம் ஒன்று பதிந்திருக்கும். ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் மறுபடி கடைய வேண்டும். காது சொன்னதைக் கண் ஒப்புக்கொள்கிற அந்தக் கணம் ஒவ்வொரு வால்விலும் தனித்தனியாக வந்தது.

பிளாக்கை லேத் பட்டறைக்குத் தூக்கிப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கேன்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 20 தௌ ஓவர்சைஸுக்குப் போர் பண்ணி வந்த சிலிண்டருக்குள் விளக்கடித்துக் காட்டினார். கண்ணாடி போலப் பளபளக்கும் என்று எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம். உள்சுவர் முழுக்கக் கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல்கள். அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும். அவற்றில் உரசித்தான் பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் சுவரோடு பழகும். வழவழப்பான சுவரில் எண்ணெயும் நிற்காது, ரிங்கும் படியாது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேய்ந்து மழமழத்த அம்மியில் மிளகாய் அரைபடாது; உளி வைத்துக் கொத்தினால்தான் அரைக்கும். தெருவில் அம்மி கொத்தக் கூவிக்கொண்டு வந்தவர்களும் இந்தப் பட்டறைக்காரரும் ஒரே தொழில்காரர்கள்.

ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலும் இடைவெளி வேண்டும். சிலிண்டர் துவாரத்தின் அங்குலத்துக்கு நாலு தௌ என்பது பட்டறைக் கணக்கு. எனக்கு 12 தௌ. குறைந்தால் சூட்டில் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும், ரிங் உடையும். கூடினால் புகை கீழே கசியும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, அளந்து, வெளியே எடுத்து, அரத்தால் இரண்டே இழுப்பு இழுத்து, மறுபடி அளந்தேன். பிஸ்டனுக்கு மூன்று வீதம் நாலு பிஸ்டனுக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது போனது.

அடுத்து கிராங்க். பேரிங்குக்கும் அதற்கும் இடையே ஒன்றரை, இரண்டு தௌதான் சந்து. ஓடும்போது அந்தச் சந்தில் எண்ணெய் புகுந்து, சுழலும் இரும்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. இது தெரியவந்த விதம் வேடிக்கையானது. 1880களில் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக மேலே துளை போட்டால், உள்ளிருந்து எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், பிதுங்கியது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளியது. உள்ளே எண்ணெய் அச்சையே சுமக்குமளவுக்கு அழுத்தம் கொண்டு நிற்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்கான கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். நன்றாகக் கட்டிய இன்ஜினில் கிராங்க் பேரிங்கைத் தொடுவது புறப்படும்போதும் நிற்கும்போதும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அது மிதக்கிறது. இருக்க வேண்டிய சந்து இல்லாவிட்டால் மிதப்பும் இல்லை.

அந்தச் சந்தை அளக்கும் வித்தை என் ரசனையில் முதலிடத்தில் இருக்கிறது. மெழுகு நூல் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றைக் கிராங்கின் மேல் கிடத்தி, பேரிங் மூடியைப் போட்டு, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு முடுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். எவ்வளவு அகலமோ அவ்வளவு குறைவு சந்து. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றை, நசுங்கிய நூல் வந்து சாட்சி சொல்கிறது.

இந்த இன்ஜினுக்குப் பிறவி பலவீனம் ஒன்று உண்டு. பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் பிறைநிலா வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குவது அதில் ஒரு பிறைதான். தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் விழும். அதன் பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். சில நாளில் பிளாக்கே குப்பைக்குப் போகும். கிராங்க் முன்பின்னாக அசையலாம், ஆனால் 4 முதல் 8 தௌ வரைதான். நான் பிரித்தபோது வாஷர் ஓலைச்சுவடி மாதிரி மெலிந்திருந்தது. சிவப்பு விளக்கில் கியரைப் போட்டபடி கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் எனக்கு உண்டு. வாஷரைத் தேய்த்தது என் இடது கால். இப்போது அந்தக் காலும் முறிந்து மேசைமேல் கிடந்தது. பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் கனமான வாஷர்களைத் தேர்ந்து, எண்ணெய்க் காடி போட்ட முகம் கிராங்கைப் பார்க்கும்படி வைத்தேன். திருப்பி வைத்துவிட்டு வருந்தியவர்கள் நிறைய. அளந்தேன்: 6 தௌ.

டிசம்பரில் இன்ஜின் வண்டிக்குள் இறங்கியது. செயின் பிளாக்கை இழுத்தது பெரியவர். நான் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வழிகாட்டினேன். டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, வைத்தது அப்படியே உட்கார்ந்த இடத்தில்தான். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு: ஒன்றாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை வை, இரண்டுக்கு ஏழு, மூன்றுக்கு ஆறு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 10 தௌ. வால்வை அமுக்கும் ராக்கரின் முனை தேய்ந்து குழிந்திருந்தால் ஃபீலர் கேஜ் தகடு குழிக்கு மேல் பாலம்போட்டு ஏமாற்றிவிடும்; ஆகவே முனைகளை முதலில் தேய்த்துச் சமன் செய்திருந்தேன். தகடு சரியான இடைவெளியில் எப்படி நகரும் என்று கேட்டால், பூக்கட்டும்போது நார் விரலிடுக்கில் இழுபடுமே, அப்படி. இழுத்தால் வரணும், விட்டால் நிற்கணும்.

இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களுக்கு ஒரு ரப்பர் குழாயே போதும். ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலுமாக மாற்றி மாற்றி வைத்துக் கேட்டால் இரண்டின் மூச்சும் கேட்கும். இரண்டு தம்புராக்களை ஒன்றுக்கொன்று சேர்ப்பது போல, இரண்டு சீறலும் ஒரே சுருதியில் வரும்வரை திருகுகளைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும்.

புதிய இன்ஜினைப் பூப்போல ஓட்ட வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் சரி. புதிய கேம் ஷாஃப்டை முதல் 20 நிமிடம் ஐட்லிங்கில் விடக்கூடாது. 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விட வேண்டும். ரிங்குகளும் அப்படித்தான். சுமை கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்தால்தான் சுவரோடு படியும். பயந்து உருட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பாய்ப் பின்னல் மேல் மெருகேறி, அம்மி பழையபடி மழமழத்துப்போகும். அதே வாரம் பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்டதும் சுமைதான்: எடை காட்டும் மெஷின் மேல் இடது காலை ஊன்றி இன்று பத்துக் கிலோ, நாளை பதினைந்து. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று 1892லேயே யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். பழுது பார்த்த எதையும் பொத்திவைத்துத் தேற்ற முடியாது. சுமக்கவிட வேண்டும், ஆனால் தௌ கணக்கில்.

மார்ச்சில் முதல் முறையாகச் சாலைக்குப் போனோம். மனைவி பக்கத்து இருக்கையில், தலையில் துணி கட்டிக்கொண்டு. மூன்றாம் கியரில் 4000 சுற்றைத் தாண்டியபோது, பழகிய பழைய உறுமலின் அடியில் இதுவரை கேட்டிராத ஒரு மிருது கேட்டது. மேட்டில் அழுத்தினேன், இறக்கத்தில் விட்டேன். ஊருக்குள் வந்ததும் முதல் சிவப்பு விளக்கு. கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

“ஏங்க, கால் வலிக்குதா?”

“எனக்கில்ல. வாஷருக்கு.”