வண்டிக்கு விதி இருக்கு, உள்ளே இருப்பவருக்கு?

கர்நாடக மங்களூர் இல்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற நம்ம கடலூர் மாவட்ட மங்களூர். இங்கே அடிபட்டவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கணும்னா விருத்தாசலமோ பெரம்பலூரோ போகணும். அதுவரை அவர் உயிர் ஆம்புலன்ஸுக்குள் இருப்பவர் கையில்.

ஆம்புலன்ஸுக்கான ஏஐஎஸ்-125 தர விதி, வண்டிகளை ஏ, பி, சி, டி என நாலு வகையாப் பிரிக்குது. 'சி' அடிப்படை உயிர்காப்பு, 'டி' மேம்பட்ட உயிர்காப்பு. ஒழுங்கான வேலைதான். ஆனா அது வாகன விதி. ஹார்டுவேரை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு சிஸ்டம் ரெடின்னு கையெழுத்து போடுற மாதிரி.

2008ல் தொடங்கிய 108ல் பயிற்சி பெற்ற உதவியாளர் உண்டு, கட்டணம் கிடையாது. தனியார் வண்டியில்தான் சிக்கல். கொரோனா சமயத்தில், நியாயமான ஆம்புலன்ஸ் கட்டணத்தை மாநிலங்கள் நிர்ணயிக்கணும்னு உச்ச நீதிமன்றமே 2020 செப்டம்பரில் சொல்ல வேண்டி வந்தது.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் அபராதம். சரி, உள்ளே ஆக்சிஜன் மாட்டத் தெரியாதவரை உட்கார வைத்து ஓட்டினால்?

வண்டியின் வகை, உதவியாளரின் படிப்பு, கிலோமீட்டர் கட்டணம்: இந்த மூணையும் கதவில் எழுதணும், எஃப்சி காட்டும்போதே சரிபார்க்கணும். பதறி நிற்கும் குடும்பத்துக்குப் பேரம் பேச நேரமில்லை. படிக்க ஒரு நிமிஷம் போதும்.