பால் உணர்த்தும் பெயரும் மாணவர் உயிர்க்காப்பும்

திணையும் பாலும் அறிந்து சொல்லை வழங்குதல் தமிழிலக்கணத்தின் முதற்பாடமாகும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் அப்பாடத்துடனேயே தொடங்குகின்றது. அவ்விதிகளைச் சொல்முடிபு பற்றியவை என்ற அளவிலேயே பெரும்பாலும் பயிற்றி வருகின்றோம். ஒருவரை எப்பெயரால், எப்பாலால் அழைக்கின்றோம் என்பது அவர்தம் உயிர்வாழ்வையும் தொடும் செய்தியாகும் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புடையோர் ஆகிய மாணவரிடையே தற்கொலை எண்ணம் ஏனையோரினும் மிகுந்திருத்தலைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அஃது அவர்தம் இயல்பிலிருந்து பிறப்பதன்று. இகழ்ச்சியாலும் புறக்கணிப்பாலும் விளைவது. ஆதலின் அது தடுக்கத்தக்கதே என்க.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவோம். ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் வைத்தார். இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பாலீறுகளையே இவை பெறும் என்றும் விதித்தார். பின்வந்த பவணந்தியார் ஒருபடி மேற்சென்று, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேட்டினை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவும் பேட்டினைப் பெண்பாலாகவும் கொண்டார். பாலைத் துணிதற்கு ஈண்டு அவர் கொண்ட அளவுகோல் பிறந்த உடலன்று, அவருடைய அவாவே.

இதுகொண்டு, இக்கால உரிமைக் கொள்கையை நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர் எனப் பெருமைப்படுதல் பொருந்தாது. நன்னூலார் அதே நூற்பாவில், இவ்விருவகையாரும் அஃறிணையை ஒத்தலும் உண்டு என இடமளித்துவிட்டார். அவாவை மதித்துப் பால் வகுத்த நூற்பாவே, மக்களை மக்கட்டிணையினின்று இறக்குதற்கும் வாயில் திறந்துவைத்தது. ஏற்பும் இழிப்பும் ஒருங்கே நிற்கும் இந்நிலை இலக்கியத்திலும் தொடர்கின்றது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமனது பேடு ஆடலும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகர வீதியில் பேடியின் கூத்தினை மக்கள் சூழ்ந்து நின்று காண்கின்றனர். இவ்விடங்களில் பேடியின் கோலம் விரிவாகப் புனையப்படுகின்றதேயன்றி, அவ்வுள்ளம் நினைப்பது யாதெனப் புலவர் கூறினாரல்லர். காப்பியத்தில் அவர் காணப்பட்டவர், பேசியவர் அல்லர்.

பேசும் நிலை தமிழில் மிகப் பிற்காலத்தே வந்தது. சு. சமுத்திரத்தின் வாடாமல்லி என்னும் புதினம் 1990-களில் வெளிவந்தது. பொறியியல் மாணவனாக அறிமுகமாகும் சுயம்பு, சுற்றத்தால் ஒதுக்கப்பட்டுத் திருநங்கையர் குழுவை அடைந்து மேகலை ஆகும் வரலாற்றை அது கூறுகின்றது. ஆயினும் அது பிறரொருவர் பரிவுடன் எழுதியதே. மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யா, நான், சரவணன் வித்யா என்னும் தம் வரலாற்றை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது தன்மையிடத்திலேயே அக்குரல் ஒலித்தது. இந்நூலின் தலைப்பு ஆராயத்தக்கது. பெற்றோர் இட்ட பெயரும் தாம் ஏற்ற பெயரும் அதில் அருகருகே நிற்கின்றன. இரண்டற்கும் முன்னே 'நான்' என்னும் சொல் நிற்கின்றது. தன்மைப் பெயருக்குத் தமிழில் பாற்பாகுபாடு இல்லை. தம்மைப் பற்றித் தாமே கூறுங்கால் எவர்க்கும் இடர் இல்லை. பிறர் படர்க்கையில் கூறும்போதே, அவன் என்றோ அவள் என்றோ பால் தோன்றித் துன்பமும் தோன்றுகின்றது. எனவே அத்துன்பத்தைத் தருவதும் தவிர்ப்பதும் கூறுவோராகிய நம் கையில் உள்ளன.

இக்கூற்றுக்கு இலக்கியத்திற்குப் புறத்தேயும் சான்று உண்டு. அமெரிக்க நாட்டில் பால் மாறிய இளைஞர் 129 பேரிடம் ஸ்டீபன் ரசல் முதலியோர் செய்த ஆய்வு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீடு, கல்விக்கூடம், பணியிடம், நண்பர் குழு ஆகிய நான்கனுள் தாம் தேர்ந்த பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று கூடுந்தோறும், தற்கொலை எண்ணம் 29 விழுக்காடும் தற்கொலைச் செயல் 56 விழுக்காடும் குறைந்திருத்தலை அவ்வாய்வு கண்டது. கெய்ட்லின் ரயான் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு தன்பாலீர்ப்புடைய இளைஞரைப் பற்றியது. குடும்பத்தாரால் மிகுதியும் வெறுக்கப்பட்டோர் தற்கொலைக்கு முயன்றமை, வெறுக்கப்படாதோரினும் 8.4 மடங்கு மிகுந்திருந்தது. ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரேனும் இருப்பின் அம்முயற்சி 40 விழுக்காடு குறைவாதலை டிரெவர் திட்டம் என்னும் அமைப்பு 2019-இல் காட்டியது. அயல்நாட்டு எண்கள் நம் நாட்டிற்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள வேண்டுவதில்லை. அவை சுட்டும் திசை தெளிவானதே.

தன்பாலீர்ப்புடைய மாணவர் திறத்தில் சிக்கல் வேறுவகையானது. அவர்க்கு வேண்டுவது வேறு பெயரன்று. தம் அன்பினை இழிவின்றிக் கூறுதற்குரிய சொல். வசைச்சொல் மட்டுமே உள்ள மொழியில் ஒருவர் தம் நெஞ்சத்தை எவ்வாறு திறப்பார்? 2021-ஆம் ஆண்டில் இளம்பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் முதலில் கற்றல் வேண்டும் எனக் கருதி, உளநலம் அறிந்தாரிடம் கேட்டறிந்த பின்னரே ஆணை வழங்கினார். அவ்வழக்கின் பயனாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் மதிப்புடைய கலைச்சொற்களின் தொகுதியை அரசிதழில் வெளியிட்டது. சொல்லாக்கம் உயிர்க்காப்புப் பணியாக அமைந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இது மருத்துவர்க்கும் சட்டத்தார்க்கும் உரியது, தமிழாசிரியர்க்கு உரியதன்று என்பாரும் உளர். அவர் கூற்று அமையாது. வருகைப் பதிவேட்டை நாள்தோறும் உரக்கப் படிப்பவர் ஆசிரியரே. பேடு என்னும் சொல்லைப் பாடத்தில் விளக்குங்கால் வகுப்பில் எழும் நகையை அடக்குவதோ வளர்ப்பதோ அவரே. ஏட்டில் உள்ள பெயரை மாற்றுதற்கு முறைமைகள் வேண்டும். வாயால் அழைக்கும் பெயரை மாற்றுதற்கு மனம் போதும். எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அப்பெயரை எவ்விடத்து வழங்கலாம், எவ்விடத்து வழங்கலாகாது என அம்மாணவரைத் தனியே வினவி அறிதல் வேண்டும். இல்லத்தார் அறியாத செய்தியை ஆசிரியர் வெளிப்படுத்துதல் காப்பாகாது, கேடாகும். உயிர்வாழ்வில் வெறுப்புற்றதாகக் கூறும் மாணவரைத் தனியே விடாது, உளநல மருத்துவரிடமோ, அரசின் டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416-க்கோ உடனிருந்து வழிப்படுத்துதலும் அவர் கடன்.

தொல்காப்பியர் வகுத்த உயர்திணையில் இம்மாணவர்க்கு இடம் உண்டு. நன்னூலார் கண்ட அவா என்னும் அளவுகோலும் நம்மிடம் உண்டு. அவர் விட்டுவைத்த அஃறிணை வாயிலை அடைத்தல் உரையாசிரியர்க்கு ஆகாமற் போயினும், வகுப்பாசிரியர்க்கு ஆகும்.