செயினுக்கு மண்ணெண்ணெயே போதும்

ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 பைக்கின் எஞ்சினைப் பற்றி 2018 முதல் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதன் செயினை எதை வைத்துக் கழுவுவது என்பதுதான் என் கவலை. ராயல் என்ஃபீல்டின் ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. அதே வட்டாரத்தின் சாலைகளில் டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதி, லூப் (மசகு எண்ணெய்) போட்ட செயினைச் சீக்கிரமே கறுப்புப் பசையாக்கிவிடுகிறது.

சில வாரங்களாகப் பலவற்றைப் போட்டுப் பார்த்தேன். பிரேக் கிளீனர் அழுக்கை நொடியில் கரைக்கிறது. ஆனால் அது பிரேக் டிஸ்குக்கானது. அசிட்டோன் போன்ற கடும் கரைப்பான் கலந்த வகைகள் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் சேர்த்தே தாக்கும். மேட் பெயின்ட்டில் கறை விழுந்தால் பாலிஷ் போட்டும் மீட்க முடியாது. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசர் அலுமினியத்தை அரித்து மங்கலாக்கும். பளபளக்கும் எஞ்சின் கவருக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. பெட்ரோலோ, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றிக்கொள்ளும் ஆவி கொண்டது. செயினின் ஓ-ரிங்குகளுக்கும் கேடு. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஆலையில் அடைத்த கிரீஸைக் காப்பவை அந்த ரிங்குகள்தான். அவை போனால் செயினே போச்சு.

கடைசியில் மனசுக்குப் பிடித்தது மண்ணெண்ணெய். வேலை மெதுவாகத்தான் நடக்கும், வாடையும் உண்டு. ஆனால் பெயின்ட்டும் ரப்பரும் தப்புகின்றன. எஞ்சினை அணைத்து, அது ஆறியதும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, சக்கரத்தைக் கையால் மட்டும் சுழற்றுங்கள். டயரிலும் டிஸ்கிலும் சொட்டக் கூடாது. பிறகு துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் லூப் போடுங்கள். துடைக்காமல் விட்டால் எஞ்சிய எண்ணெய்ப் படலமே புழுதியை இழுக்கும்.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: பல ஸ்பிரே டப்பாக்களில் ‘எல்லாப் பரப்புக்கும் ஏற்றது’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது, உள்ளே என்ன கரைப்பான் என்பது கண்ணில் படுவதில்லை. எவ்வளவு வேகமாக அழுக்கு போகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். அழுக்கோடு வேறு எது போகும் என்று கேளுங்கள். விடை டப்பாவில் இல்லையென்றால் ஸ்விங்ஆர்மின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு தடவிச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் அந்த டப்பா வேண்டாம்.