தமிழ் இலக்கியத்தில் பூனையின் நெஞ்சம்

மனிதனோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி வாழும் விலங்குகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று நாய், மற்றொன்று பூனை. இவ்விரண்டனுள் நாய்க்கு நன்றி என்னும் புகழையும், பூனைக்குக் களவு என்னும் பழியையும் நம்மவர் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். நாய் ஆளை நேசிக்கும், பூனையோ வீட்டைத்தான் நேசிக்கும் என்பது சிற்றூரிலும் பேரூரிலும் ஒருங்கே கேட்கப்படும் கருத்து. இக்கருத்து உண்மைதானா? நம் இலக்கியம் இதற்குத் துணை நிற்கிறதா, மறுத்து நிற்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெருகும் பெக்கும்

பூனையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் வெருகு, பூசை என்பன. தொல்காப்பிய மரபியல், வெருகினைப் பூசை எனச் சொல்லுதலும் வழக்கே என ஏற்றுக்கொள்கிறது. கீரியினமாகிய மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கன் இளமைப் பெயர் 'குட்டி' என்றும் அவ்வியலே வகுக்கிறது. இன்று நாம் பெற்ற மக்களைக் கொஞ்சும்போது நாவில் எழும் சொல்லும் அக்குட்டியே என்பதை எண்ணி மகிழலாம்.

பூனை என்னும் பொருளில் வெருகு என்ற சொல் இன்றைய பேச்சுத்தமிழில் வழக்கொழிந்தது. ஆனால் அது முற்றும் மறைந்துவிடவில்லை. கன்னட நாட்டில் வாழும் நமக்கு அண்டை வீட்டில் நாள்தோறும் கேட்கும் 'பெக்கு' என்னும் சொல் அதன் உடன்பிறப்பே. தமிழின் வேலி கன்னடத்தில் பேலி என்றும், வெல்லம் பெல்ல என்றும் ஆவதுபோல, வெருகின் இனச்சொல் அங்கே பெர்க்கு என்றும் பெக்கு என்றும் வழங்குகிறது. மலையாளத்தில் வெருகு என்பது புனுகுப்பூனையைக் குறிக்கும். நாம் மறந்த சொல்லை உறவினர் போற்றி வைத்திருக்கின்றனர்.

கோழியின் கண்ணும் புலவர் கண்ணும்

சங்கப் புலவர் வெருகினைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 220ஆம் பாட்டில், முல்லையின் சிறு மொட்டு அவிழ்வதை வெருகின் சிரிப்போடு ஒப்பிடுகிறார். பாரியின் நாட்டைப் பாடும் கபிலரும் புறநானூறு 117இல் முல்லை முகைக்கு இளவெருகின் கூரிய பல்லையே உவமையாக்குகிறார். வெண்மை, சிறுமை, கூர்மை ஆகிய மூன்றும் பொருந்திய அரிய உவமை இது.

ஆயினும் அவர்கள் கண்டது பல்லை. அப்பல்லுக்கு உரிய உயிர் என்ன எண்ணியது என்பதை அவர்கள் வினவவில்லை. ஒக்கூர் மாசாத்தியாரே பாடிய குறுந்தொகை 139இல், மாலைப்பொழுதில் வேலியருகே வெருகுகள் வரக் கண்ட பேடைக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பதற்றம் சொல்லப்படுகிறது. புறநானூறு 326இல் வெருகுக்கு அஞ்சிக் கூவிய இளம்பேடை, பஞ்சு நூற்கும் பெண்ணின் சிறுவிளக்கு ஒளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. மதுரைக் கண்ணனார் பாடிய குறுந்தொகை 107இல், காதலனோடு துயின்றவளைக் கூவி எழுப்பிய சேவல், நள்ளிரவில் வீட்டெலியைத் தேடித் திரியும் வெருகுக்கு இரையாகுக என்று சபிக்கப்படுகிறது. இம்மூன்றிலும் கோழியின் அச்சம் உண்டு. பெண்ணின் துயரம் உண்டு. வெருகின் நெஞ்சம் மட்டும் இல்லை. கோழியின் கண்கொண்டு நோக்கினால் பூனை வேறு எவ்வாறு தோன்றும்?

எனினும் மதுரைக் கண்ணனார் பாட்டில் ஒரு குறிப்பு போற்றத்தக்கது. அவ்வெருகு எலியைத் தேடி இல்லத்துள்ளேயே நடமாடுகிறது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. வந்த பூனை தங்கிவிட்டது. பூனை வீட்டுவிலங்கான வரலாற்றை இன்றைய அறிவியலாரும் இவ்வாறே விளக்குகின்றனர். ஆடுமாடுகளைப் போலப் பிடித்துக் கட்டி அடக்கி வளர்க்கப்பட்டதன்று அது. தானே விரும்பி வாயிலைக் கடந்து வந்த விலங்கு. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் துணையாகும்.

பாறையிலும் பழமொழியிலும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பல்லவர் காலச் சிற்பிகள் செதுக்கிய புடைப்புச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்பாரும், கங்கையின் வருகை என்பாரும் உளர். அதன் ஒரு பகுதியில் பூனை ஒன்று பின்னங்கால்களால் நின்று முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் பொய்த்தவப் பூனையின் கதையை இது நினைவூட்டும். 'உருத்திராட்சப் பூனை' என்று நாம் இன்றும் போலித் துறவியைச் சுட்டுகிறோம். 'பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்' என்னும் பழமொழியும் அதனை ஐயத்திற்குரிய இடத்திலேயே நிறுத்துகிறது.

ஆனால் அதே பேச்சுவழக்கு, தன்னை அறியாமலே வேறொரு சான்றும் தந்திருக்கிறது. நிலைகொள்ளாமல் தவிப்பவனைக் 'குட்டி போட்ட பூனை போல் அலைகிறான்' என்கிறோம். ஈன்ற குட்டிகளை எங்கு வைத்தாலும் மனம் அமையாது, ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மூலைக்கு மூலை மாற்றும் தாயின் கவலையை நேரில் கண்டவர் வாயில்தான் இத்தொடர் பிறந்திருக்க முடியும். பழமொழி சொன்னவன் பால்பானையின் உரிமையாளன். இத்தொடரைச் சொன்னவளோ அடுக்களையில் அத்தாயின் தவிப்பைக் கண்டிருந்த பெண்ணாக இருத்தல் கூடும்.

நெஞ்சைக் கண்டவர்

வைணவ சமயத்தார் இத்தாய்மையைத் தத்துவமாகவே உயர்த்தினர். இறைவனின் அருளுக்கும் உயிரின் முயற்சிக்கும் உள்ள தொடர்பை விளக்க, வடகலையார் குரங்குக்குட்டியையும் தென்கலையார் பூனைக்குட்டியையும் சான்றாகக் கொள்வர். குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனையின் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே அதைக் கவ்விச் செல்லும். இவ்விரு கொள்கைகளுள் எது சிறந்தது என்பது நம் ஆராய்ச்சியன்று. எலியைக் கொல்லும் அதே பல், குட்டியின் பிடரியில் ஒரு கீறலும் படாமல் பதிகிறது என்பதைக் கண்ட கண்களை நாம் வணங்குகிறோம். சங்கப் புலவர் பல்லின் வடிவைக் கண்டனர். இவர்கள் அப்பல்லின் அன்பைக் கண்டனர்.

கம்பர் தம் அவையடக்கத்தில், இராமகதையைப் பாடப் புகுந்த தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிடுகிறார். யானையையோ சிங்கத்தையோ அவர் தேர்ந்திலர். உலகம் கள்வன் என இகழ்ந்த விலங்கையே தமக்கு உவமையாக எடுத்துக்கொண்டார். பாலின்முன் நிற்கும் பூனையிடம் மற்றவர் களவைக் கண்டனர்; கம்பர் வேட்கையைக் கண்டார். அவ்வேட்கை தம் நெஞ்சிலும் உள்ளது என ஒப்புக்கொண்டார். பூனையின் உள்ளத்தோடு ஒரு பெரும்புலவர் தம் உள்ளத்தை ஒன்றாக்கிக் காட்டிய இடம் இது.

பாரதியார் 'முரசு' என்னும் பாட்டில், வீட்டில் வளரும் வெள்ளைப் பூனை ஈன்ற குட்டிகள் நிறத்தால் வேறுபடினும் இனத்தால் ஒன்றே எனக் காட்டி, மனிதருள் உயர்வு தாழ்வு இல்லை என்று நிறுவுகிறார். அங்கே பூனை மனிதச் சமத்துவத்திற்குச் சான்றாகவே வருகிறது என்பது உண்மை. ஆனால் அவர் குட்டி குட்டியாக நிறத்தை எண்ணிச் செல்லும் முறை, அவற்றின் அருகே அமர்ந்து பார்த்தவரின் முறை. அங்கே பூனை குடும்பத்துள் ஒன்றாகிவிட்டது. அண்மைக் காலத்தில் பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி' (2016) வெள்ளாட்டின் கதையே எனினும், கிழவி தான் முன்பு அன்போடு வளர்த்த பூனையின் நினைவாகவே ஆட்டுக்குட்டிக்கு அப்பெயரை இடுகிறாள். மறைந்த பூனை ஒரு பெயராக உயிர்வாழ்கிறது.

நாலடியாரின் அளவுகோல்

இனி, பழியின் வேர் எங்கே உள்ளது என்று காண்போம். நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரம், நீண்டநாள் பழகிய பாகனையே யானை கொல்லும் என்றும், எறிந்த வேல் உடலில் நிற்கவும் நாய் வாலைக் குழைக்கும் என்றும் கூறி, நாயனைய நண்பரைத் தேடுக என்கிறது. கூறிய நோக்கம் உயர்ந்ததே. ஆனால் இதில் அன்பை அளக்கும் கோல் எது? அடித்தாலும் விலகாமை. இக்கோலால் அளந்தால் பூனை தோற்றே தீரும்.

தெனாலிராமன் கதை இதற்கு மறுபுறம். கிருட்டிணதேவராயர் எலிகளை ஒழிக்க வீடுதோறும் பூனையையும், அதற்குப் பால் தரப் பசுவையும் கொடுத்தாராம். இராமனோ முதல்நாளே கொதிக்கும் பாலை வைத்தான். வாயைச் சுட்டுக்கொண்ட பூனை பின்னர்ப் பாலைக் கண்டாலே ஓடியது. தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் ஒருங்கே சொல்லிச் சிரிக்கும் கதை இது. இராமனின் சூழ்ச்சிக்குச் சிரிக்கும் நாம், அப்பூனையைப் பற்றிக் கதை அறிந்து வைத்திருக்கும் உண்மையைக் கவனிப்பதில்லை. பூனை நினைவில் வைத்துக்கொள்ளும். தன்னை வருத்திய பொருளிடம் அது மீண்டும் வராது. இது அன்பின்மையா? வருந்தத் தெரிந்த நெஞ்சின் இயல்பு அன்றோ? வேலேறுண்ட பின்னும் வாலைக் குழைப்பது நாயின் பெருமை. சுட்ட பாலை நாடாமை பூனையின் குற்றமன்று. தானே விரும்பி வந்த விலங்கு தானே விலகவும் வல்லது. அது விலகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதன் விருப்பத்தின் அடையாளமே.

ஆய்வாளர் கூற்று

பூனை வீட்டைத்தான் நேசிக்கும் என்னும் கருத்தை அறிவியலாரும் சோதித்துள்ளனர். 2013இல் சப்பானிய ஆய்வாளர், பூனைகள் தம்மை வளர்ப்பவரின் குரலை அயலார் குரலினின்று பிரித்தறிகின்றன எனக் கண்டனர். அழைத்தவரை நோக்கி அவை ஓடி வரவில்லை; காதையும் தலையையும் மட்டும் திருப்பின. அறியாமையால் வாராதிருக்கவில்லை, அறிந்தே வாராதிருந்தன! 2019இல் அமெரிக்க நாட்டின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், பூனைக்குட்டிகளை வளர்ப்பவரோடு பழக்கமில்லாத அறையில் இரண்டு நிமிடம் வைத்து, அடுத்த இரண்டு நிமிடம் தனியே விட்டு, பிறகு அவரை மீண்டும் உள்ளே வரச்செய்தனர். ஏறத்தாழ 100க்கு 64 குட்டிகள், அவர் திரும்பியதும் கலக்கம் தணிந்து அமைதியுற்றன. இங்கே வீடு இல்லை என்பதைக் கருதுக. அறை புதிது, பழகியது ஆள் மட்டுமே.

2015இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் இதற்கு மாறான முடிவுக்கு வந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். வளர்ந்த பூனைகள் பாதுகாப்பிற்காக வளர்ப்பவரைச் சார்ந்திருப்பதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் கருத்து. ஆனால் அவர்களும் பூனைக்கு அன்பில்லை என்று கூறவில்லை. அன்பு வேறு, சார்பு வேறு என்றே பிரித்தனர். நாலடியார் கோல் அளக்கத் தவறியது இப்பகுதியையே.

ஆங்கில அறிஞர் சாமுவேல் சான்சன் தம் பூனை ஆட்சுக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குச் செல்வாராம். ஏவலரை அனுப்பினால் அத்தொல்லையால் அவர்கள் பூனையை வெறுத்துவிடக்கூடும் என அஞ்சினார் என்று பாசுவெல் தம் நூலில் (1791) எழுதியுள்ளார். பேரகராதி கண்டவரின் பெருமையை இச்சிறு செய்தியும் உயர்த்துகிறது.

முடிவுரை

இது வெறும் இலக்கிய வாதமன்று. மைய அரசுப் பணியாளர் குடியிருப்புகளில் மாற்றலாணை வந்த வீட்டின்முன் லாரி நிற்கும் காட்சி புதிதன்று. கட்டில் ஏறும்; பீரோ ஏறும்; நாய் இருந்தால் அதுவும் ஏறும். பூனை மட்டும் மதிற்சுவர்மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அது வீட்டோடு பழகியது, புதிதாக வருபவரோடு பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுக் குடும்பம் புறப்பட்டுவிடும். பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பும் இந்நகரில், பழகிக்கொள்ள அவ்வீடும் எஞ்சுவதில்லை. ஆய்ந்து பாராமல் நாம் வழிவழியாக ஏற்றுக்கொண்ட ஒரு சொல், ஓர் உயிரைத் தெருவில் நிறுத்தும் நியாயமாகிவிடுகிறது.

நம் இலக்கியம் பூனையின் பல்லைக் கண்டது, களவைக் கண்டது, தாய்மையையும் வேட்கையையும் ஓரளவு கண்டது. அதற்கும் அதனோடு வாழும் மனிதர்க்கும் இடையே உள்ள உறவை முழுமையாகச் சொல்லவில்லை. நத்சுமே சோசெகி 1905இல் ஒரு பெயரற்ற பூனையையே கதைசொல்லியாக்கிச் சப்பானிய மொழிக்கு அழியாப் புகழ் தேடித் தந்தார். முல்லை முகையில் வெருகின் சிரிப்பைக் கண்ட தமிழுக்கு அவ்வாற்றல் இல்லாமற் போகாது. இளம் எழுத்தாளர் இத்துறையில் முயல்வாராக. அதுவரை, மாற்றலில் செல்லும் அன்பர்கள் சாமான் ஏற்றும் நாளில் பூனைக்கும் ஒரு கூடை எடுத்துவைப்பார்களாக.