யாருக்காக இந்தக் குழுத் தியானம்?

அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் குறுகிய கால மிஷன் பயணம் கிளம்புகிறார்கள். மெக்சிகோவில் வீடு கட்டுவார்கள், ஹைத்தியில் பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் அடிப்பார்கள், எங்காவது விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவார்கள். ஆயத்தமோ பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். காணிக்கை கேட்டுக் கடிதம், தடுப்பூசி, ஒரே நிற டி-ஷர்ட், கூடவே குழுத் தியான அட்டவணை: எந்த நாள் யார் நடத்துவது, எந்த வேதபகுதி.

அந்த அட்டவணையில் உருப்படியானது இரவுக் கூடுகை. பகலெல்லாம் வெயிலில் செங்கல் சுமந்து, வயிறும் கெட்டு, ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்ற குழுவுக்கு மூன்றாம் நாள் எரிச்சல் வந்தே தீரும். ஒரு சங்கீதம் வாசித்து, அன்று மனதில் கனத்தது எது என்று ஒவ்வொருவரும் சொல்லும் அரைமணி நேரம், அந்த எரிச்சல் புறங்கூறலாக மாறாமல் தடுக்கிறது. முறைவைத்து நடத்துவதால், சொந்தச் சபையில் வாயே திறக்காத இளைஞருக்கும் பேசும் பொறுப்பு வருகிறது. இதை வெறும் சடங்கு என்று தள்ளுவது நியாயமல்ல.

சிக்கல், தியானம் யாரைச் சுற்றி நடக்கிறது என்பதில்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றே: இன்று தேவன் எனக்குள் என்ன செய்தார்? விருந்தோம்பிய ஊரார் இதில் பின்னணித் திரையாகிவிடுகிறார்கள். இவ்வளவு இல்லாமையிலும் இவர்கள் சிரிக்கிறார்களே என்ற வியப்பு, நமக்கு எவ்வளவு தந்திருக்கிறார் என்ற ஸ்தோத்திரமாக முடிகிறது. அடுத்தவர் வறுமையை அளவுகோலாக்கிச் சொல்லும் நன்றியில், ஆலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயனின் வாடை அடிக்கிறது.

சரி, அந்த ‘எனக்குள்’ மாற்றமாவது நிலைக்கிறதா? 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்த பின் அங்கே வீடு கட்டப் போன வட அமெரிக்கக் குழுக்களை ஆராய்ந்த சமூகவியலாளர் குர்ட் வெர் பீக், 2006இல் முடிவுகளை வெளியிட்டார். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. போய்வந்தவர்கள் தங்கள் கொடுத்தல் கூடியதாகச் சொன்னார்கள். காணிக்கைக் கணக்கு அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. ஆயத்தத்துக்கு மாதங்களை ஒதுக்கும் திட்டம், திரும்பிய பின்னான காலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி நேரத்தோடு கைகழுவிவிடுகிறதே.

வேதபகுதித் தேர்விலும் ஒரு சாய்வு உண்டு. மத்தேயு 28இன் கட்டளை எல்லா அட்டவணைகளிலும் வரும். எழுபது பேரை அனுப்பும் லூக்கா 10, அறுவடை பற்றிய வசனத்தோடு நின்றுவிடும். அதற்கடுத்த வரிகள் சங்கடமானவை: பணப்பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம், வரவேற்ற வீட்டிலேயே தங்கி, முன்வைத்ததைச் சாப்பிட வேண்டும். அனுப்பப்பட்டவர் அங்கே கொடுப்பவரல்ல, பிறர் தயவில் வாழும் விருந்தாளி. பெட்டி நிறையத் தின்பண்டப் பொட்டலங்கள் கட்டிக்கொண்டு போகும் குழு அந்த வரிகளை எப்படி வாசிக்கும்?

வெள்ளாளன்விளையில் பிறந்த திருச்சபை ஊழியர் வி. எஸ். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. இந்திய ஊழியர்களோடு அவர்கள் நண்பர்களாகப் பழகாததையே சபை நடுவே போட்டுடைத்தார். கேட்டவர்களில் பலர் அதை ரசிக்கவில்லை.

ஆகவே தியானத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். இரவு நேரம் குழுவுக்கே இருக்கட்டும். காலை நேரத்தை மட்டும் ஊர்ச்சபையிடம் ஒப்படைக்கலாம்: வேதபகுதியை அவர்கள் தேர்ந்தெடுத்து, அவர்கள் மொழியில், அவர்களே நடத்தட்டும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத நாளில் குழு புரியாமலே உட்கார்ந்திருக்கும் என்பார்கள் தலைவர்கள். அந்தக் குழு மேடையேறிப் பேசும்போது ஊரார் பல தடவை அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.