தன் நினைவும் கேட்ட நினைவும்: தி புயியின் சித்திரத் தன்வரலாறு

மூன்று வயதில் கடல் கடந்த ஒருவரிடம் அப்பயணம் குறித்துச் சொந்த நினைவாக எஞ்சுவது மிகச் சிறிது. ஆயினும் அவர் வாழ்வு முழுவதையும் அப்பயணமே வகுத்திருக்கும். குழந்தைப் பருவத்தில் நாடு பெயர்ந்தோர் தம் வரலாற்றைக் கலைப் படைப்பாக்க முனையும்போது எழும் அடிப்படைச் சிக்கல் இது. வியத்நாமிய அமெரிக்க ஓவியர் தி புயி 2017இல் வெளியிட்ட ‘தி பெஸ்ட் வீ குட் டூ’ என்னும் சித்திரக்கதை இச்சிக்கலை எவ்வாறு கையாண்டுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புயி 1975இல் சைகோன் வீழ்வதற்குச் சில மாதங்களுக்கு முன் பிறந்தவர். 1978இல் குடும்பம் படகேறி மலேசிய அகதி முகாமை அடைந்தது. நிறைகர்ப்பிணியாகப் பயணித்த தாய் அங்குத் தம் கடைசி மகனைப் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்ற குடும்பம் கலிபோர்னியாவில் வேரூன்றியது. நூலின் பின்புலமான இச்செய்திகள் எவற்றையும் புயி தம் நினைவிலிருந்து எழுதியிருக்க இயலாது.

இந்நூல் உருவான முறை ஆய்வாளர் கருத்திற்குரியது. பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்தபோது, 2002ஆம் ஆண்டளவில், புயி தம் பெற்றோரின் வாய்மொழிகளைப் பதிவு செய்து எழுத்தில் பெயர்த்தார். நிழற்படங்களையும் உடன் சேர்த்தார். கல்விப்புல நெறிக்கு உட்பட்ட அத்தொகுப்பு அவருக்கு நிறைவளிக்கவில்லை. வரலாற்றை மிகையாக எளிமைப்படுத்தாமல், அதே வேளையில் மனிதர்தம் கதையாக எவ்வாறு சொல்வது என்னும் வினா தீராமல் நின்றது. அதன் பின்னரே அவர் சித்திரக்கதையின்பால் திரும்பினார். அக்கலையைப் புதிதாகப் பயின்று, 2005இல் முதற்பக்கங்களை வரைந்தார். நூல் முடியப் பன்னீராண்டுகள் சென்றன. வாய்மொழி வரலாறு பிழையானது என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தகாது. வினவப்பட்டோர் சொன்னது மட்டுமே அதில் பதிவாகியது; வினவியவர் அதில் இடம்பெறவில்லை. சித்திரத்தில் கேட்கும் மகளும் கட்டத்திற்குள் அமர்ந்திருக்கிறாள். ‘மௌஸ்’ நூலில் ஆர்ட் ஸ்பீகல்மன் தம் தந்தையின்முன் அமர்ந்து கேட்கும் அமைப்பை இங்கு ஒப்புநோக்கலாம்.

நூலின் காலவைப்பும் இதனோடு தொடர்புடையது. 2005இல் நியூயார்க்கில் புயிக்கு மகன் பிறப்பதில் தொடங்கும் கதை, தாயின் ஆறு மகப்பேறுகளையும் கடைசியிலிருந்து முதலாவதை நோக்கிப் பின்னோக்கிச் சொல்கிறது. அவ்வறுவருள் இருவர் வாழவில்லை. ஒருவர் உடலளவில் இருந்தும் நினைவளவில் இல்லாத நிகழ்ச்சி அவருடைய பிறப்பே அன்றோ! அதனை வேறொருவர் வாயிலாகத்தான் அறிய முடியும். மகப்பேற்றையே கதையின் நிரலாகக் கொண்டதன்வழி, நினைவின்மையைக் குறையாகக் கருதாமல் கட்டமைப்பாகவே மாற்றியுள்ளார் புயி. இந்நூலின் ஆகச் சிறந்த முடிவு இதுவெனத் துணியலாம்.

பெற்றோரை விளிக்கும் சொற்களிலும் பெயர்வின் தடம் உண்டு. தந்தையை வடபுல வழக்கில் ‘போ’ என்றும் தாயைத் தென்புல வழக்கில் ‘மா’ என்றும் பிள்ளைகள் அழைக்கின்றனர். தாய் விரும்பியதோ வடபுலத்துக் கனத்த சொல்லாகிய ‘மே’. நாட்டின் பிரிவினை ஒரு வீட்டின் விளிச்சொற்களில் எஞ்சியிருப்பது மொழி பயில்வோர்க்குச் சுவையான செய்தி.

நூலின் மையம் அச்சம். முதலில் இந்நூலுக்குக் கருதப்பெற்ற தலைப்பு ‘அகதியின் அனிச்சைச் செயல்’ என்னும் பொருளுடையது. ஓரிரவு அண்டை வீட்டில் வெடிப்பு நிகழ, சிறுமி புயி குடும்ப ஆவணங்கள் அடங்கிய கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்கு அதனை எவரும் அந்நேரத்தில் சொல்லவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். அந்நான்கும் அஞ்சுவோர் தாமே எதிர்கொள்பவை. புயி காட்டும் அச்சத்தின் வேரோ தந்தையின் இளமையில் உள்ளது: 1945ஆம் ஆண்டின் பஞ்சம், சிதைந்த குடும்பம், வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய பெயர்வு. களன் தந்தையினுடையது, மெய் மகளுடையது. மெரியன் ஹிர்ஷ் ‘பின்நினைவு’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்க முற்பட்டதும் இத்தகைய கையளிப்பையே. எனினும் உடல்வழி வெளிப்பாட்டை முதன்மையாகக் கொள்ளும் ‘மெய்ப்பாடு’ இவ்விடத்திற்குக் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இனிக் குறையொன்று. நூல் முழுவதும் கருமையோடு செம்பழுப்பு நீர்மை ஒன்றே வண்ணமாக வருகிறது. தந்தை சொல்லக் கேட்ட பஞ்சமும் புயி கண்ணால் கண்ட கலிபோர்னியக் குடியிருப்பும் ஒரே நிறத்தில், ஒரே தூரிகைத் தடிப்பில் அமைகின்றன. கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்தும் பணி முழுவதும் எழுத்தின்மேல் விழுகிறது. ஓவியம் இதில் கைகொடுத்திருக்க வேண்டும். இதற்கு விலக்காக நிற்பது அகதி முகாமில் எடுக்கப்பெற்ற அடையாள நிழற்படங்கள் இடம்பெறும் பக்கம். வரையப்பட்ட முகங்களையே கண்டு பழகிய வாசகர் அப்பக்கத்தில் திடுக்கிடுகிறார். 1968இல் எடி ஆடம்ஸ் எடுத்த சைகோன் கொலைத்தண்டனைப் படத்தையும் புயி மீள வரைந்து, உலகறிந்த ஒரு படம் எவ்வளவு செய்திகளை மறைத்துவிடுகிறது என வினவுகிறார். சான்றுகளை ஐயுறும் இக்கூர்மை தம் சொந்த ஓவியத்தின்மீது போதிய அளவு திரும்பவில்லை.

தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளில் பெயர்வு பற்றிய களஆய்வு மேற்கொள்ளும் மாணவர்க்கு இக்குறையும் பயன் தரும். இளமையில் ஊர் பெயர்ந்தவரிடம் ‘உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது?’ என்று மட்டும் வினவும் வினாநிரல், அவர் பெற்றோரிடம் கேட்டதையும் பின்னாளில் நிழற்படங்களில் பார்த்ததையும் கண்கூடான சான்றாகப் பதிவு செய்துவிடும். ‘இதனை யார் சொல்லக் கேட்டீர்கள்? எப்போது?’ என்னும் வினாக்கள் உடன் இடம்பெற வேண்டும். விடை மௌனமாயின் அதுவும் பதிவுக்குரியதே.

தலைப்பு மாறியதும் பொருளற்றதன்று. பின்னர் அமைந்த தலைப்பு ‘எங்களால் இயன்றவரை செய்தோம்’ என்னும் பொருள் தருவது. அகதி மகளின் குரல் பின்னகர்ந்து பெற்றோரின் குரல் முன்வருகிறது. தாமும் தாயான பின்னரே இம்மாற்றம் நிகழ்ந்தது. நூலிறுதியில் தம் மகன் கடலில் நீந்துவதைக் கண்டு, அவனேனும் இவ்வச்சத்திலிருந்து விடுபட்டிருப்பான் எனப் புயி எண்ணிப் பார்க்கிறார். சொல்லாமலே கைமாறும் அச்சத்தை இத்துணைப் பக்கங்களில் நிறுவிய நூல், அது மூன்றாம் தலைமுறையில் அறுபடும் என்பதற்கு ஓர் அழகிய சித்திரத்தைத் தவிர வேறு சான்று காட்டவில்லை.