ஒழிபியலில் ஒதுங்கிய உயிரெதுகை: சொல்லிசைப் பாடல்களை முன்வைத்து

ராப் எனப்படும் சொல்லிசைப் பாடல்களைக் குறித்துத் தமிழாய்வாளரிடையே இருவகைக் கருத்துகள் வழங்கி வருகின்றன. அவற்றின் ஒலியமைதி முற்றிலும் ஆங்கில வழிப்பட்டது என்பர் ஒரு சாரார். எதுகையும் மோனையும் நம்மிடம் முன்பே உள்ளன, இதில் புதுமை யாதுமில்லை என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்று பெருமிதத்தோடு நின்றுவிடுகிறதேயன்றி ஆய்வாக வளரவில்லை. சொல்லிசை பெரிதும் சார்ந்து நிற்பது மெய்யொப்புமையை அன்று, உயிரொலி ஒப்புமையையே. அதற்கு நம் யாப்பு நூல்களில் ஒரு பெயரும் உண்டு. உயிரெதுகை என்பதே அது.

முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றி வருவது எதுகை. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இவ்விதியை உறுப்பியலில் கூறியபின், அதன் நெகிழ்ச்சிகளை ஒழிபியலுக்குத் தள்ளிவிடுகிறது. வருக்கம், நெடில், இனம் ஆகியவற்றோடு உயிரெதுகையும் அங்கேதான் இடம்பெறுகிறது. இரண்டாமெழுத்தின் மெய் வேறுபட்டு, அதன்மேல் ஏறிய உயிர் மட்டும் ஒன்றுவது இதன் இலக்கணம். பெயருக்கேற்ப எஞ்சியவற்றைத் தொகுப்பது ஒழிபியல். ஆதலின், பிற்காலத்தார் இதனை ஒரு சலுகையாகவே கருதினர் எனலாம். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஓரெழுத்தின் உயிர் மட்டும் ஒன்றினால் அவ்வொப்புமை செவிக்கு எட்டுவதில்லை. ‘நிலவு’, ‘கதவு’ என்பவற்றை அடுத்தடுத்த அடிகளின் முதலில் வைத்தால், அவற்றை எதுகையாக உணர்வார் சிலரே.

ஆயின், ‘ஆடிமழை’, ‘காசிவரை’ என்னும் தொடர்களை நோக்குக. ஆ, இ, அ, ஐ என நான்கு உயிர்களும் வரிசை பிறழாமல் ஒன்றுகின்றன. மெய்களோ ஓரிடத்தும் ஒன்றவில்லை. காரிகையின் கணக்கில் ஈண்டு எண்ணத்தக்கது ‘டி’, ‘சி’ என்னும் ஓரிணை மட்டுமே. செவியின் கணக்கில் நான்கு. உயிர்கள் நிரலாக ஒன்றும்போது மெய்யொப்புமையின் தேவை குறைந்துவிடுகிறது என்பதைச் சொல்லிசைக் கலைஞர் பயிற்சியால் அறிந்துள்ளனர்.

மைசூரிலிருந்து தமிழ் யாப்பைப் பயில்வோர்க்கு இவ்விடத்தில் கன்னடத்தின் நினைவு வருதல் இயல்பே. 9ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்க்கம் பேசும் பிராசமும் இரண்டாமெழுத்தைச் சார்ந்ததே. ஆயின் அங்கு ஒன்றவேண்டியது மெய். அதன்மேல் ஏறும் உயிர் வேறுபடலாம். தமிழின் உயிரெதுகைக்கு இது நேர் எதிரானது. மைசூர் மகாராஜா கல்லூரியில் பயிற்றிய பி.எம். ஸ்ரீகண்டய்யா தம் ‘இங்கிலீஷ் கீதகளு’ தொகுப்பில் இத்தலைப்பிராசத்தை விடுத்து, அடியிறுதி ஒப்புமையை நிலைநாட்டினார். ஒலியின் எடை அடியின் தொடக்கத்திலிருந்து இறுதிக்கு நகர்ந்த அம்மாற்றமே இன்றைய சொல்லிசையிலும் அடிப்படையாக உள்ளது.

எனவே உயிரெதுகையை உள்ளவாறே எடுத்துப் பொருத்திவிட இயலாது. நாற்சீர் அடியில் இணை, பொழிப்பு, ஒரூஉ முதலாக எழுவகை விகற்பங்களை முதற்சீரிலிருந்து எண்ணுவர். சொல்லிசையின் நான்கு தாள அடிகளில் நான்காவதே பெரும்பாலும் ஒப்புமையின் நிலைக்களன். இயைபுத் தொடையை மட்டும் ஈற்றுச்சீரிலிருந்து எண்ணும் மரபு நம்மிடம் உண்டு. அவ்வெண்ணு முறையையும் உயிரெதுகையின் விதியையும் இணைத்து ‘உயிரியைபு’ என ஒரு வகையை அமைத்துக்கொள்வது பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இனி, பெயரமைப்பிலேயே இவ்வொலிநுட்பம் வெளிப்படும் இரு சான்றுகள். பாடலாசிரியர் அறிவு 2019இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தெருக்குரல்’. ‘திருக்குறள்’ என்பதோடு வைத்து நோக்கின், ‘ரு’ ஒன்றிய எதுகையோடு மோனையும் அமைந்திருத்தல் புலனாகும். இகரமும் எகரமும் மோனைக்குரிய ஓரினம் அன்றோ. மரபிலக்கணத்தின் முழு ஒப்புதலோடு ‘திரு’ ‘தெரு’வாகியிருக்கிறது. மற்றொன்று, தீ, அறிவு ஆகியோர் பாடிச் சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. ‘என் சாமி’ எனச் செவ்விய வழக்கில் பிரித்தெழுதின் ஒப்புமை பாதி கரைந்துவிடும். ஒலிப்பில் ‘எஞ்ஜாயி’, ‘எஞ்சாமி’ எனக் கேட்கும்போது எ, ஆ, இ என மூன்று உயிர்களும் இணைகின்றன. ஆங்கில வினையொன்றும் பாட்டிமார் வாய்மொழியின் அன்பு விளியும் ஒரே ஒலிவடிவில் சந்திப்பது பேச்சின் எழுத்துப்பெயர்ப்பில்தான்.

பேச்சுத் தமிழில் இலை ‘எலை’ எனவும், உடம்பு ‘ஒடம்பு’ எனவும் வழங்கும். மைசூர்ச் சந்தையில் வெற்றிலைக்கு வழங்கும் ‘வீள்யதெலெ’ என்பதிலும் அவ்வெகரம் உண்டு. தென்திராவிடத்தின் இவ்வுயிர் மாற்றத்தைப் பற்றி டி. பர்ரோ 1940இல் தனிக் கட்டுரையே எழுதினார். இகர எகரங்களையும் உகர ஒகரங்களையும் மோனையில் ஓரினமாக்கிய யாப்பு நூலாரின் செவிக்கும் இம்மாற்றத்திற்கும் உறவு இருத்தல் கூடும். அவ்வுறவு தனியே ஆராயத்தக்கது.

சிக்கல் பதிப்பில்தான் எழுகிறது. 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற குழுவினரின் பாடல்களை ஆய்வேடுகளில் எடுத்தெழுதுவோர், கானா மொழியைச் செந்தமிழ் எழுத்துக்கூட்டலாகத் திருத்திவிடுதல் உண்டு. திருத்தியபின் எதுகைகளை எண்ணி, ‘ஒலிநயம் குறைவு’ என முடிவுரைப்பது முறையன்று. ஒலிநயத்தை நீக்கியவர் பாடகர் அல்லர், படியெடுத்தவரே. ‘வந்தான்’, ‘வரலாம்’ என்பவை அச்சில் னகர மகர ஈறுகளால் வேறுபட்டு இயைபு இழக்கின்றன. வாய்மொழியிலோ இரண்டும் மூக்கொலி பெற்ற ஆகாரமாகவே முடிகின்றன. இவ்வீற்று மூக்குயிரைக் குறிக்கத் தமிழெழுத்தில் வடிவமில்லை. எனவே உயிரியைபைக் கணக்கிட முனைவோர் பாடலின் அச்சுப்படியை விடுத்து, ஒலிப்பதிவையே மூலபாடமாகக் கொள்ள வேண்டியுள்ளது.